காது மெஷின் கடைக்கு ஒரு இடம்

கடையை மூடப்போவதாக முதலாளி சொன்னபோது காதம்மா ஒரு பெரியவரின் காதுக்குள் அச்சுப் பசையை ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்த முடியாத வேலை அது. பசை இறுகும்வரை பெரியவர் தாடையை அசைக்கக் கூடாது. அவளும் கையை எடுக்கக் கூடாது. அதனால், அந்தச் செய்தியை அவள் பசை இறுகுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டு முடித்தாள்.

காதம்மா என்பது அவள் பெயரல்ல. காதுக்கு மெஷின் வாங்க வந்த யாரோ ஒருவர் அப்படிக் கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது. எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துப் பார்ப்பது, காதின் அளவுக்கு அச்சு எடுப்பது, மெஷினைப் பொருத்தி அது பழகும்வரை கூடவே இருப்பது. கல்யாணமான புதிதில் தொடங்கிய வேலை, தலையில் நரை எட்டிப்பார்க்கும் வரை அதே கடையில் ஓடியிருந்தது.

பெரியவர் எழுந்து போனதும் முதலாளி அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். மகளோடு போய் இருக்கப்போகிறாராம்.

"காது டெஸ்ட் பண்ற மெஷின நீயே எடுத்துக்கம்மா. நீ சொந்தமா ஆரம்பி."

"சார், அது எவ்வளவு விலை..."

"எனக்கு இனிமே எதுக்கு அது? என் பொண்ணு வீட்டுல எல்லாருக்கும் காது நல்லாத்தான் கேக்குது. நான் சொல்றதக் கேக்கத்தான் ஆள் இல்ல." சிரித்துவிட்டு, குரலை இறக்கினார். "இடத்த மட்டும் பார்த்து எடு. நம்ம தொழிலுக்கு ஜனமும் வரணும், சத்தமும் கூடாது. அது ரெண்டும் சேர்ந்து அமையறது குதிரைக் கொம்பு."

அன்று மாலை அந்த மெஷினை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். பச்சைக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல ஒவ்வொரு பள்ளத்துக்கும் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

வீட்டில் மூன்று பேர். காதம்மா, லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன், அவனுடைய அக்கா. நாத்தனார் பஞ்சு மில்லில் நூல் நூற்கும் பகுதியில் வேலை பார்த்தவர். மில்லை இழுத்து மூடியபிறகு, ஏற்கெனவே கணவனையும் இழந்திருந்தவர், ஒரு பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். இருப்பதே இரண்டு அறையும் ஒரு சமையலறையும். மூன்று பேர் ஒரே நேரத்தில் நின்றால் ஒருவர் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் நாத்தனாரின் குரல். தெருவில் அவருக்கு மைக் செட் என்று பெயர். "தண்ணி வந்துருச்சு" என்று அவர் வீட்டுக்குள் சொன்னால், நாலு வீடு தள்ளி இருப்பவர்கள் குடத்தை எடுப்பார்கள். டி.வி.யின் சத்தமும் அதற்குத் தகுந்தாற்போல்தான். பின்னாலிருந்து ஏதாவது சொன்னால் பதில் வராது. காதம்மாவுக்கு இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு தேவைப்படவில்லை. மில் சத்தம் காதைத் தின்றுவிட்டது, வேறென்ன? ஆனால் நாத்தனாரிடம் போய் 'உங்களுக்குக் காது மந்தம்' என்று தம்பி பெண்டாட்டி சொல்ல முடியுமா? சொல்லிவிட்டு அதே வீட்டில் சோறு தின்ன முடியுமா? "அக்காகிட்ட நானே பக்குவமா சொல்றேன்" என்று கணவன் சொல்லிப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

கடை வைக்கப்போகிறாள் என்று தெரிந்ததும் ஆளுக்கு ஆள் யோசனை சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டை விட்டால் வேறு இடமே கிடையாது என்றான் ஒரு சொந்தக்காரன். ஆஸ்பத்திரி வாசல்தான் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. மார்க்கெட் பக்கம் ஒரு கட்டடம், மூன்றாவது மாடி, லிஃப்ட் தன் கையால் பராமரிப்பது, நின்றுபோகவே போகாது என்றான் கணவன்.

"எப்ப கிளம்புறோம்?" என்று கேட்டார் நாத்தனார்.

"எங்க அண்ணி?"

"இடம் பாக்கத்தான். நீ பாட்டுக்குத் தனியாப் போய் நின்னா உன் தலையில மிளகா அரைச்சுருவாங்க. நான் வரேன்."

சத்தமில்லாத இடம் தேடப் போகையில் மைக் செட்டைக் கையோடு கூட்டிப்போவதா என்று காதம்மாவுக்கு ஒரே சங்கடம். கணவனைப் பார்த்தாள். அவன் சட்டென்று பனியனில் இருந்த கிரீஸ் கறையை ஆராயத் தொடங்கிவிட்டான்.

மறுநாளிலிருந்து இருவரும் நடந்தார்கள். காதம்மாவின் போனில் சத்தத்தை அளக்கும் ஆப் ஒன்று இருந்தது. அறைக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்தி, போனைத் தரையில் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு முள் எங்கே நிற்கிறதென்று பார்ப்பாள். நாத்தனாரும் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் நிற்பார். அதற்குமுன் அவ்வளவு நேரம் அவர் பேசாமல் இருந்ததாக யாருக்கும் நினைவில்லை.

பஸ் ஸ்டாண்டு மூலையில் இருந்த அறையைக் காட்டிய தரகர், "ஈ எறும்புகூட இந்த வழியாத்தான்மா போகும்" என்றார். போகட்டும், ஹாரன் அடிக்காமல் போகவேண்டுமே. முள் துடித்த துடிப்பில் போனே சூடாகிவிடும்போல இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இருந்த கடைக்குப் பக்கத்திலேயே ஜெனரேட்டர். கணவன் சொன்ன மூன்றாவது மாடி நன்றாகத்தான் இருந்தது. லிஃப்ட் வழுக்கிக்கொண்டு போனது, அறையில் அமைதி. காதம்மா நிம்மதியாக மூச்சை விட்ட நொடியில் தலைக்குமேல் 'தொம்' என்று ஏதோ விழுந்தது. நாத்தனார் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"மாடியில ஜிம்மு" என்றார் காவலாளி. "வெயிட்டத் தூக்குறாங்க."

"தூக்குறது சரி. எறக்கி வைக்கச் சொல்லித் தரலையா அவங்களுக்கு?" நாத்தனார் கேட்டது ஜிம்முக்கே கேட்டிருக்கும்.

இப்படியே அலைந்தார்கள். நாத்தனாருக்கு முழங்கால் வலி. படி ஏறும்போது பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "நீ முன்னாடி போ, நான் இந்தச் சுவரு பலமா இருக்கான்னு பாத்துட்டு வரேன்" என்பார். வீட்டுக்குத் திரும்பியதும் வெந்நீரில் காலை வைத்துக்கொள்வார். மறுநாள் காலையில் காதம்மாவுக்கு முன்னாலேயே செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பார்.

கடைசியில் ஒரு வீடு கிடைத்தது. ஊரின் ஓரத்தில், புதிதாக மனை போட்ட பகுதியில், முட்டுச்சந்தின் கோடியில் இருந்தது. வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். முன்னறையைத் தருவதாகச் சொன்னார். காதம்மா போனைத் தரையில் வைத்தாள். முள் எழுந்திருக்கவே இல்லை. போன் கெட்டுவிட்டதோ என்று ஒருமுறை தட்டிக்கூடப் பார்த்தாள்.

"இதான் அண்ணி" என்றாள். "இதுதான்."

நாத்தனார் ஜன்னல் வழியாக முட்டுச்சந்தைப் பார்த்தார். ஆள் நடமாட்டம் இல்லை. "அமைதியாத்தான் இருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வீட்டுக்காரம்மா மகிழ்ச்சியோடு சாவியைக் காதம்மாவின் கையில் வைத்தார். அன்றே மணிக்கூண்டுக்கு எதிரே இருக்கும் திரைத்துணிக் கடைக்குப் போய், சோதனை அறையின் ஜன்னலுக்குக் கனமான திரை தைக்கச் சொல்லி அளவு கொடுத்துவிட்டு வந்தார்கள்.

பழைய கடையில் கடைசியாக அச்சு எடுத்துக்கொண்ட பெரியவர் ஒரு தபால்காரர், வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய மெஷின் தயாராகி வந்திருந்தது. புது இடத்துக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று காதம்மா அவர் மருமகளிடம் போனில் முகவரி சொன்னாள். முதல் வாடிக்கையாளர் வருகிறார் என்று அறையைக் கூட்டித் துடைத்து, இரண்டு நாற்காலியைப் போட்டுக் காத்திருந்தாள்.

அவர் வரவில்லை. காலையிலேயே கிளம்பிவிட்டதாக மருமகள் சொன்னாள். துணைக்கு வருகிறேன் என்றதற்கு, முகவரி கண்டுபிடிக்க எனக்குத் துணையா என்று கோபித்துக்கொண்டாராம். வெயில் ஏறியது. அவரிடம் போன் இருந்தாலும் அதில் பேசி என்ன பயன்?

நாத்தனார் எழுந்தார். "நீ இங்கயே இரு. அவரு வந்தாலும் வருவாரு. நான் ஒரு சுத்து சுத்திட்டு வரேன்."

வெகுநேரம் கழித்து, தபால்காரரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு தெரு தள்ளி, பாதி கட்டிய ஒரு வீட்டின் செங்கல் குவியல்மேல் உட்கார்ந்திருந்தாராம். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. காதம்மா தண்ணீர் கொடுத்தாள். அவர் முழுவதும் குடித்துவிட்டு, அவமானத்தோடு சிரித்தார்.

"இந்த ஊர்ல நான் தட்டாத கதவு இல்லம்மா. ஆனா இந்த ஏரியா நான் வேலைய விட்டப்புறம் வந்தது. நம்பரும் ஒழுங்கா போடல."

"யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே ஐயா" என்று காதம்மா அவர் முகத்துக்கு நேரே நின்று மெதுவாகச் சொன்னாள்.

"கேட்டேனே. அவங்க சொன்னதுதான் கேக்கல. ஒரு தடவ, ரெண்டு தடவ கேக்கலாம். அப்புறம் மூஞ்சி மாறும். அதனால புரிஞ்ச மாதிரி தலைய ஆட்டிட்டு, அவங்க கை காட்டுன பக்கமா நடந்தேன்."

காதம்மா மெஷினைப் பொருத்தினாள். வழக்கமாகச் செய்யும் எல்லாவற்றையும் செய்தாள். ஆனால் அவளுக்கு எதுவும் ஓடவில்லை. அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டார். "ஏம்மா, வழி கேட்டு வர முடியாதவங்களுக்குத்தானே நீ கடை வைக்கிற?"

காதம்மா சத்தத்தை மட்டும் அளந்துகொண்டு திரிந்திருக்கிறாள். கேட்காத ஒருவர் யாரிடமும் கேட்காமல் வந்து சேரும் இடமாக இருக்கவேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அறை வேண்டாம் என்று அந்த நிமிடமே முடிவாகிவிட்டது. எல்லாம் முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்பதும் முடிவாகிவிட்டது. அதை நினைத்தபோதுதான் அழுகை வந்தது. நாத்தனார் முந்தானையை நீட்டினார். "அழுதுட்டு வா. திரைத்துணி வெட்டறதுக்குள்ள போய் நிறுத்தச் சொல்லணும்."

மணிக்கூண்டு மணி அடிப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் ஊரில் யாருக்கு எந்த வழி சொன்னாலும் அதில்தான் ஆரம்பிப்பார்கள். அதற்கு நேர் எதிரே இருந்தது அந்தத் திரைத்துணிக் கடை. முன்னால் சிக்னல். எந்நேரமும் ஹாரன். கல்லாவில் கடைக்காரரின் மனைவி. கடைக்காரர் நல்ல சதைப்பிடிப்பான மனிதர், வாயில் எப்போதும் அளவு நாடாவின் ஒரு நுனி.

"துணிய எடுத்து வெச்சுட்டேன், இன்னும் கத்திரி போடல" என்றார். "வாங்க, உள்ள கிடக்கு."

கடையின் பின்பக்கம் ஒரு குடோன். அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார், காதம்மா பின்னால் போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

திடீரென்று ஊரே காணாமல் போய்விட்டது.

சுவர் தெரியாமல், தரையிலிருந்து கூரைவரை துணிச் சுருள்கள் நிறுத்தப்பட்டிருந்தன. எதிர்ப்பக்கம் ஸ்பாஞ்சு மெத்தைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாத்தியிருந்தன. கடைக்காரர் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அவர் குரல் எதிலும் மோதித் திரும்பி வரவில்லை. நேராக அவள் காதுக்கு வந்து, அங்கேயே முடிந்தது. அவர் பேச்சை நிறுத்தியபோது, அவருடைய கைக்கடிகாரம் ஓடுவது அவளுக்குக் கேட்டது.

"அண்ணே, ஒரு நிமிஷம் மூச்சு விடாதீங்க."

"ஏம்மா, என்னாச்சு?" பயந்துபோய் நின்றுவிட்டார். அவள் போனைத் தரையில் வைத்தாள். முட்டுச்சந்து வீட்டைப்போலவே இங்கேயும் முள் எழுந்திருக்கவே இல்லை.

இந்த அறையை வாடகைக்குக் கேட்டதும் கடைக்காரரின் வாயிலிருந்து அளவு நாடா விழுந்தது.

"இதுவா? இது... இதத் தர முடியாதும்மா. மத்தியானம் நான் படுக்குற இடம் இது." மெத்தைகளுக்கு நடுவே ஒரு தலையணையும் மேசை விசிறியும் இருந்ததை அப்போதுதான் காதம்மா கவனித்தாள். "வாழ்க்கையில எனக்குன்னு இருக்கிற ஒரே சுகம் அந்தத் தூக்கம்தான். வேற எதுனாலும் கேளுங்க."

வெளியே வந்ததும் நாத்தனாரிடம் விஷயத்தைச் சொன்னாள். நாத்தனார் அதைத் திருப்பிச் சொன்னார், கல்லாவுக்கும் தெருவுக்கும் சேர்த்து. "தூங்குறதுக்கு ரூம் வேணுமாம்! காது கேக்காதவங்க வந்து போறதுக்கு இல்லையாம்!"

கடைக்காரரின் மனைவி நிமிர்ந்தார். என்ன ஏது என்று முழுக்க விசாரித்தார். பிறகு கணவனைப் பார்த்து, மிகவும் அமைதியாகச் சொன்னார்: "அந்த ரூமுக்குள்ள போயிட்டா நான் கூப்புடுறது உங்களுக்குக் கேக்கறதே இல்ல. எத்தன தடவ கஸ்டமர நிக்க வெச்சுட்டுத் தொண்ட கிழியக் கத்தியிருக்கேன்? குடுத்துருங்க."

"அதுக்குச் சொல்லல..."

"குடுத்துருங்க."

கடைக்காரர் உள்ளேயிருந்து எடுத்து வந்த நாடாவை மெதுவாகச் சுற்றிக்கொண்டார். "சாப்பாட்டுக்கப்புறம் கொஞ்ச நேரம் மட்டும் எனக்கு" என்றார் கெஞ்சலாக. காதம்மா சிரித்துக்கொண்டே சம்மதித்தாள். சாப்பிட்டவுடன் எந்தப் பெரியவரும் வரமாட்டார், அவர்களும் தூங்கத்தான் போவார்கள்.

ஆனாலும் போனில் இருக்கும் முள்ளை நம்பி ஒரு முடிவெடுக்க அவள் தயாராக இல்லை. ஒருமுறை பட்டது போதும். மறுநாள் காலை மெஷினையே எடுத்துக்கொண்டு வந்தாள். ஓர் அறை இந்த வேலைக்குத் தேறுமா என்று பார்க்க ஒரே வழிதான். நல்ல காது உள்ள ஒருவரை உட்காரவைத்து, மெஷினில் இருப்பதிலேயே மெல்லிய ஒலியைக் கொடுத்துப் பார்க்கவேண்டும். அது அவருக்குக் கேட்டால் அறை நல்ல அறை. கடைக்காரரின் மனைவியை உட்காரவைக்கலாம் என்று நினைத்து அவள் வயரை மாட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்குற? சத்தம் கேட்டா இந்தப் பட்டன அமுக்கணும், அவ்வளவுதானே?"

உங்கள் காது இதற்கு ஆகாது என்று எப்படிச் சொல்வது? சரி, ஒரு பேச்சுக்குச் செய்துவிட்டுப் பிறகு கடைக்காரரின் மனைவியைக் கூப்பிடலாம் என்று, கொஞ்சம் பலமான ஒலியிலிருந்தே தொடங்கினாள். நாத்தனார் பட்டனை அமுக்கினார். குறைத்தாள். அமுக்கினார். இன்னும் குறைத்தாள். அமுக்கினார். குத்துமதிப்பாக அமுக்குகிறாரோ என்று சந்தேகம் வந்தது. எதுவும் கொடுக்காமல் சும்மா இருந்தாள். நாத்தனாரும் கட்டைவிரலைத் தூக்கிவைத்துக்கொண்டு சும்மா இருந்தார். இருப்பதிலேயே மெல்லிய ஒலியைக் கொடுத்தாள். கட்டைவிரல் இறங்கியது.

கீச்சென்ற ஒலி, கனத்த ஒலி, இடது காது, வலது காது, எல்லாம் பார்த்தாயிற்று. காதம்மா ஹெட்போனைக் கழற்றினாள்.

"அண்ணி... உங்களுக்குக் காது நல்லா கேக்குது."

"கேக்காம?"

"மில்லுல அவ்வளவு சத்தத்துல..."

"பஞ்சு மில்லுல இருந்துட்டு பஞ்சுக்கா பஞ்சம்? வாசலின்ல பிசைஞ்சு ரெண்டு காதுலயும் அடைச்சுக்கிட்டுத்தான் உள்ள போவேன். ஒரு நாள் விட்டதில்ல. மத்தவங்க அடைக்கல, அவங்களுக்குக் கேக்கணுமேன்னு கத்திக் கத்தி எனக்குத் தொண்ட இப்படி ஆயிருச்சு."

"அப்போ டி.வி. சத்தம்?"

"உன் புருஷனுக்குத்தான். நீ சொல்றதுக்கு அவன் என்னிக்காவது ஒரே தடவையில பதில் சொல்லியிருக்கானா?"

"அது காது கேக்காததால இல்ல அண்ணி."

நாத்தனார் குலுங்கிச் சிரித்தார். அந்த அறையில் அவர் சிரிப்புகூட மெல்லிசாகத்தான் கேட்டது. காதம்மாவும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நின்றாள். ஒன்று உறைத்தது. நாத்தனாருக்குக் கேட்காது என்று நம்பி, பாத்திரம் துலக்கும்போதும் துணி மடிக்கும்போதும் இத்தனை வருடம் அவள் வாய்க்குள் முணுமுணுத்தவை எத்தனை! உப்பைப் பற்றி, பெட்டியைப் பற்றி, வந்தவர்கள் வந்தவர்களாகவே இருந்துவிடுவதைப் பற்றி.

"பின்னாடியிருந்து நான் ஏதாவது சொன்னா... பதில் சொல்ல மாட்டீங்களே" என்றாள்.

"பதில் சொல்ற மாதிரியா நீ சொன்ன?"

காதம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நாத்தனார் ஹெட்போனின் வயரை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். கோபம் எதுவும் இல்லாத குரல்.

"மொதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சு. பெட்டியக் கட்டிரலாமான்னுகூட நெனச்சேன். அப்புறம் ஒரு நாள் அடுப்பப் பாத்து நின்னுக்கிட்டு சொன்ன, 'இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு மூலைகூட இல்ல'ன்னு. யோசிச்சுப் பாத்தேன். நீ சொன்னது பொய் இல்லையே. வந்து அடைச்சுக்கிட்டது நான்தானே. நீ கடை வைக்கப்போறேன்னதும், சரி, அந்த மூலைய நாமளே தேடிக் குடுத்துருவோம்னு செருப்ப மாட்டிட்டேன்."

காதம்மா மெத்தைகளின்மேல் உட்கார்ந்தாள். வெயிலில் சுவரைப் பிடித்துக்கொண்டு படி ஏறிய அந்த உருவம் கண்ணுக்குள் வந்தது. மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்தாள். நன்றி என்று சொல்ல நினைத்தாள். இரண்டும் அந்த நேரத்துக்குச் சின்னதாக இருந்தன. எழுந்துபோய் நாத்தனாரின் முழங்காலைப் பிடித்துவிட ஆரம்பித்தாள்.

"ஏய், விடும்மா, யாராவது வரப்போறாங்க" என்றார் நாத்தனார். ஆனால் காலை இழுத்துக்கொள்ளவில்லை. "இந்த ரூம் தேறுமா, தேறாதா? அத மொதல்ல சொல்லு" என்றார்.

"தேறும் அண்ணி. உங்க காதாலதான் தெரிஞ்சுது."

சாவியைத் திருப்பிக் கொடுக்க அன்று சாயங்காலமே இருவரும் முட்டுச்சந்துக்குப் போனார்கள். வீட்டுக்காரம்மா சத்தம் போடுவார் என்று காதம்மா எதிர்பார்த்தாள். போட்டிருந்தால் அதுவும் நியாயம்தான். அவர் சாவியை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தமே இல்லாத வீடுன்னு நீ அன்னிக்கு எவ்வளவு சந்தோஷப்பட்ட" என்றார். "எனக்கு அதுதான் கஷ்டமே. நாலு பேரு வந்து போவாங்கன்னு நெனச்சேன். பரவாயில்ல, கடை எங்கன்னு சொல்லு, நானே வரேன்." சொன்னதுபோலவே பிறகு வந்தார். வாரத்தில் சில நாட்கள் பெரியவர்களைக் கைபிடித்து உட்காரவைத்து, அவர்களோடு நேருக்கு நேர் நிதானமாகப் பேசுவார். நர்ஸாக இருந்தவருக்கு அது கைவந்த கலை.

குடோனைக் காலிசெய்யவில்லை. துணிகள் இருந்தால்தானே அமைதி? சுருள்களைச் சுவரோரமாக அடுக்கி, நடுவில் மேசை போட்டார்கள். லிஃப்ட் மெக்கானிக் ஒரு விடுமுறை நாளில் வந்து, கடை வாசலில் இருந்த ஒற்றைப் படிக்குச் சரிவுப்பலகை அடித்து, பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் வைத்தான். "லிஃப்ட் இல்லாத கட்டடத்துல நான் செஞ்ச மொத வேலை இதுதான்" என்று பெருமைப்பட்டுக்கொண்டான். மணிக்கூண்டைப் பார்த்தபடி, தூரத்திலிருந்தே தெரியும் அளவில், ஒரு பெரிய காதை வரைந்து போர்டு வைத்தார்கள்.

கடையைத் திறந்த பிறகு ஒன்று தெரிந்தது. காது மெஷின் கடைக்குள் நுழையக் கூச்சப்படுபவர்கள், திரைத்துணிக் கடைக்குள் கூசாமல் நுழைந்தார்கள். மனைவிமார் கணவன்களை அப்படித்தான் கூட்டி வந்தார்கள். கடைக்காரரின் மனைவி யாரைப் பார்த்தாலும், "துணிக்கா, காதுக்கா?" என்று கண்ணாலேயே கேட்கப் பழகிவிட்டார். கடைக்காரர் தன் பங்குத் தூக்கத்தைத் தூங்கிவிட்டு, எழுந்ததும் தலையணையை மறக்காமல் ஒளித்துவைப்பார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், ஓர் அம்மாள் தன் கணவரோடு வந்தார். கணவர் தச்சர். ரம்பம் அறுக்கும் பட்டறையில் ஆயுசு முழுக்க நின்றவர். ஜன்னலுக்குத் துணி எடுக்கத்தான் போகிறோம் என்று நம்பி வந்து, உள்ளறையில் உட்காரவைக்கப்பட்டதும் முறைத்துக்கொண்டிருந்தார். காதம்மா அவசரப்படவில்லை. சோதித்துப் பார்த்து, கைவசம் இருந்த ஒரு மெஷினை, சும்மா போட்டுப் பார்ப்பதற்கென்று அவர் காதில் பொருத்தினாள். அவர் முகத்தில் மாற்றமில்லை. கொஞ்சம் நடந்து பாருங்கள் என்று கடையின் முன்பக்கம் கூட்டிவந்தாள்.

கடைக்காரர் அப்போது ஒரு வாடிக்கையாளருக்காகத் துணியை அளந்து, ஓரத்தில் கத்திரியால் சின்னதாக வெட்டிவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பாகக் கிழித்தார்.

தச்சர் நின்றுவிட்டார். "அது என்ன?"

"எது?" என்றார் அவர் மனைவி.

"இப்ப வந்துச்சே ஒரு சத்தம். சர்ர்ருனு."

"துணி கிழிச்சாருங்க."

"துணிக்கு இவ்வளவு சத்தமா?"

கடைக்காரர் காதம்மாவைப் பார்த்தார். பிறகு மேசைக்கடியில் குனிந்து, தைத்து மிஞ்சிய ஒரு நீளத் துணியை எடுத்து, தச்சருக்கு அருகில் வந்து நின்று, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாகக் கிழித்தார். தச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் மனைவி வாயில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னொண்ணு கிழிங்க" என்றார் தச்சர்.

கடைக்காரர் இன்னொரு துணியைத் தேடினார். கல்லாவில் இருந்த அவர் மனைவி, நல்ல துணியிலேயே ஒரு முழத்தை அளந்து நீட்டினார்.